எலும்பின் வயதை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது?

மானுடவியலோ தொல்லியலோ படிக்கிற மாணவர்கள் ஆய்வேட்டுக்காக முதன்முதலாகக் களத்துக்குக் கிளம்பும்போது திண்டாடுவது ஒரு கேள்வியில்தான். கையில் இரண்டு மூன்று மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது. அதைக் கார்பனுக்குச் செலவழிப்பதா, ஓஎஸ்எல்லுக்கா (மணல்துகளின் ஒளிர்வை அளக்கும் முறை), வேறு எதற்காவதா? கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்று முடிவு வந்த பிறகு 'கார்பன் டேட்டிங்' என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. எதைத் தோண்டி எடுத்தாலும் கார்பனுக்கு அனுப்பினால் வயது வந்துவிடும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. மனித வழித்தோன்றலின் கதை 60, 70 லட்சம் ஆண்டு நீளம். கார்பன் அதில் கடைசி 50,000 ஆண்டை மட்டும்தான் பார்க்கும்.

எலும்பின் உருவத்தை வைத்தே வயதை ஊகிக்கலாமே என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 2015இல் அறிவித்தபோது அதன் சிறிய மூளையைப் பார்த்து இருபது லட்சம் ஆண்டு இருக்கலாம் என்றுகூடச் சிலர் கருதினார்கள். 2017இல் வந்த வயது 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுக்குள். ஆகவே அளந்துதான் ஆக வேண்டும். எதைக் கொண்டு அளப்பது என்பதே தேர்வு.

## முதலில் உரைகற்கள்

எந்த முறையையும் ஐந்து கேள்வி கேட்டு உரசிப் பார்க்கலாம். ஐந்தும் ஒரே எடை அல்ல.

முதல் கேள்விதான் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிடும்: இந்தக் கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்கியது? எந்த முறையும் 'மனிதன் இங்கே வாழ்ந்த வயது' என்று ஒன்றைத் தருவதில்லை. கார்பன் ஓர் உயிர் செத்த நாளைச் சொல்கிறது. ஓஎஸ்எல் ஒரு மணல்துகள் கடைசியாக வெயில் பார்த்த நாளைச் சொல்கிறது. ஆர்கான் எரிமலைக் குழம்பு ஆறிய நாளை. யுரேனியம் குகையில் சுண்ணாம்பு படிந்த நாளை. அந்த நாளுக்கும் நமக்கு வேண்டிய மனிதச் செயலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. மண்ணடுக்கைப் படித்து நாம்தான் சொல்ல வேண்டும். காலக்கணிப்பில் நடந்த பெரிய பிழைகளில் பல இந்த இடைவெளியில்தான் நடந்தன.

மற்றவை: எவ்வளவு பழமை வரை எட்டும்? அதற்கான பொருள் நம் குழியில் இருக்கிறதா? அளப்பதற்காக எதை அழிக்க வேண்டும்? கிடைக்கும் பிழை வரம்பு நம் கேள்விக்குப் போதுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலத்தின் தொடக்கம் 3,85,000 ஆண்டு என்று 2018இல் செய்தி வந்தது. ஆய்வில் இருந்தது 3,85,000 ± 64,000. அதாவது 3,21,000 முதல் 4,49,000 வரை, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடு. அந்த ± குறி செய்தித்தாளுக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிடும். 'இந்தியாவில் இந்தக் கருவி முறை ஒன்றேகால் லட்சம் ஆண்டுதானா, அதைவிட மிகப் பழையதா' என்ற கேள்விக்கு இந்த வரம்பு தாராளம். 3,50,000க்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு இது ஆகாது.

| முறை | கடிகாரம் தொடங்குவது | வேண்டிய பொருள் | எட்டும் எல்லை | முக்கியமான கண்ணி |
|---|---|---|---|---|
| கார்பன்-14 | உயிர் இறந்தபோது | கரி, விதை, கொலாஜன் (எலும்பின் புரதம்) உள்ள எலும்பு | சுமார் 50,000 ஆண்டு | புதுக் கார்பன் கலப்பு |
| ஒளிர்வு (ஓஎஸ்எல் வகை) | துகள் கடைசியாக வெயில் பட்டபோது | குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணல் | குவார்ட்ஸ் சுமார் 1 லட்சம். ஃபெல்ட்ஸ்பார் சில லட்சம் | அரைகுறை வெயில், கறையான் கலக்கிய மண் |
| ஆர்கான்–ஆர்கான் | எரிமலைப் பாறை ஆறியபோது | பொட்டாசியம் உள்ள எரிமலைப் படிகம் | பழமைக்கு எல்லையே இல்லை எனலாம் | அடித்துவரப்பட்ட பழைய படிகம் |
| யுரேனியம் தொடர் | சுண்ணாம்பு படிந்தபோது | குகைப் படிவு, பவளம் | சுமார் 5 லட்சம் | எலும்பில் யுரேனியம் வந்து போவது |
| ஈஎஸ்ஆர் (எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு) | பல் மண்ணில் புதைந்தபோது | பல் எனாமல் | சில பத்து லட்சம் | சுற்று மண்ணின் கதிர்வீச்சு தெரியாமை |
| அலுமினியம்–பெரிலியம் | குவார்ட்ஸ் ஆழத்தில் புதைந்தபோது | குவார்ட்ஸ், குவார்ட்சைட் | சுமார் 50 லட்சம் | புதையும் முன் நடந்த கதை |

## கார்பன்-14

அரைவாழ்வு (கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் காலம்) 5,730 ஆண்டு. 50,000 ஆண்டு கழித்து மிஞ்சுவது ஆயிரத்தில் இரண்டு பங்குதான். அதனால் பழைய மாதிரியில் சிறு அழுக்கும் பெரிய பொய் சொல்லும். கார்பன்-14 துளியும் மிஞ்சாத, ஒரு லட்சம் ஆண்டுப் பழைய எலும்பில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், முடிவு 37,000 ஆண்டு என்று வரும். ஆய்வகம் எந்தத் தவறும் செய்திருக்காது.

இதற்குப் பாடம் குரோவேசியாவின் விண்டியா குகை. அங்கிருந்த நியாண்டர்தால் எலும்புகளுக்கு முதலில் 28,000, 29,000 ஆண்டு என்று வந்தது. நவீன மனிதரோடு அவர்கள் பல்லாயிரம் ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்ற வாதமே அதன்மேல் எழுந்தது. கொலாஜனை நுண்வடிகட்டியபோது 32,000க்கு மேல் ஏறியது. 2017இல் கொலாஜனிலிருந்து ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற ஒரே அமினோ அமிலத்தை மட்டும் பிரித்து அளந்தார்கள். 40,000 ஆண்டைத் தாண்டிவிட்டது. அதே எலும்பு, சுத்தம் செய்த விதம் வேறு.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானிக்கு (ஏஎம்எஸ்) 50 மில்லிகிராம் கரி தாராளம். எலும்பு என்றால் அரை முதல் ஒரு கிராம், அதுவும் கொலாஜன் இருந்தால். எலும்பில் நைட்ரஜன் 0.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கொலாஜன் வந்தபின் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இருக்கிறதா என்று அறிக்கையில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வயதை ஏற்க வேண்டாம். கரியில் பெருமரத்தின் நடுத்தண்டைத் தவிர்த்துச் சுள்ளி, கொட்டை ஓடு, தானியம் எடுங்கள். 300 ஆண்டு நின்ற மரத்தின் உள்வளையம் அடுப்பில் எரிந்தபோதே 300 வயது. அலுமினியத் தாளில் மடியுங்கள். பஞ்சும் காகிதமும் வேண்டாம். உடைகிற எலும்பைக் காப்பாற்றுகிறேன் என்று பசை தடவினால் பசையின் கார்பனும் சேர்ந்துதான் எண்ணப்படும்.

வெப்பமும் அமில மண்ணும் கொலாஜனைத் தின்றுவிடும் என்பதால் தமிழ்நாட்டுச் செம்மண்ணில் பழைய எலும்பு கிடைப்பதே அரிது. கரிதான் கைகொடுக்கும். இலங்கையின் ஃபாஹியன் குகையில் நவீன மனிதர் சுமார் 48,000 ஆண்டுக்கு முன்பே மழைக்காட்டில் வாழ்ந்ததை நிறுவியதில் கரித்துண்டுகளின் கார்பன் வயதுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கேள்வி 45,000 ஆண்டுக்கு உட்பட்டது, கரி அடுப்புக்குழியிலேயே கிடைக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். துல்லியத்தில் இதற்கு நிகர் இல்லை.

## ஒளிர்வு முறைகள்

தமிழ்நாட்டில் பழங்கற்காலம் தேடுவோர் அதிகம் நாட வேண்டியது இதைத்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு குவார்ட்ஸ் துகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைக்கிறது. வெயில் பட்டால் சிறை காலியாகிவிடும். புதைந்தபின் மறுபடி நிரம்பத் தொடங்கும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சி, வெளிவரும் மினுக்கத்தை அளந்து, மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று கண்டு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கும் என்பதால் வகுத்தால் வயது. ஒரு வகுத்தல் கணக்குதான். ஆனால் மேலெண்ணைவிடக் கீழெண்தான் காலை வாரும். ஈரம் கதிர்வீச்சை உறிஞ்சும். புதைந்திருந்த காலத்தின் சராசரி ஈரத்தை 1 சதவீதம் மாற்றினால் வயதும் ஏறக்குறைய 1 சதவீதம் மாறும். கோடையில் காய்ந்த குழிச்சுவரில் அளந்த 4 சதவீத ஈரத்தை ஆற்றங்கரை மண்ணுக்கு ஆயிரமாயிரம் ஆண்டுக்கும் பொருத்தினால் வயது இளமையாகிவிடும்.

குவார்ட்ஸ் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். சாதாரணமாக ஒரு லட்சம் ஆண்டு அளவில். அதற்கு மேல் ஃபெல்ட்ஸ்பாரை அகச்சிவப்பால் தூண்டும் முறை வேண்டும். அத்திரம்பாக்கத்தின் 3,85,000 அப்படி வந்ததே. ஃபெல்ட்ஸ்பாரின் சிக்கல், அதன் சிறை காலியாக அதிக நேர வெயில் வேண்டும் என்பது. குவார்ட்ஸுக்குச் சில நிமிடம் போதும். வெள்ளத்தில் இரவோடு இரவாகச் சேற்றோடு வந்து படிந்த மண்ணில் இரண்டுமே பழைய நினைவைச் சுமந்திருக்கும்.

வெயில் சரியாகப் படாததன் விளைவுக்கு ஆஸ்திரேலியாவின் ஜின்மியம் பாறைக் குடைவு இன்றும் வகுப்பறை உதாரணம். 1996இல் வெப்ப ஒளிர்வு முறையில் 1,16,000 ஆண்டுக்கு முன் மனிதர் என்று அறிவித்தார்கள். 1998இல் துகள் துகளாகப் பிரித்து அளந்தபோது மொத்தப் படிவும் 10,000 ஆண்டுக்குள். குடைவின் பாறையே சிதைந்து மணலோடு கலந்திருந்தது. வெயிலே பார்க்காத அந்தத் துகள்கள் சராசரியைத் தூக்கிவிட்டன. ஆகவே பாறைக் குடைவு, செம்புரைக்கல், கறையான் புற்றுப் பகுதி என்றால் ஒற்றைத்துகள் அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள். செலவும் காலமும் கூடும்.

களத்தில் செய்முறை:

1. குழிச்சுவரை 10 செ.மீ.க்குக் குறையாமல் உள்நோக்கிச் செதுக்கிப் புதுமுகம் காட்டுங்கள்.
2. 5 செ.மீ. விட்டம், 20–25 செ.மீ. நீளமுள்ள எஃகுக் குழாயை அடித்து இறக்குங்கள். பின்முனையில் கறுப்பு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கட்டும்; மண் உள்ளே ஆடக்கூடாது, ஆடினால் வெயில் பட்ட முனை மண் நடுவோடு கலந்துவிடும்.
3. இடம்: இரண்டு அடுக்கின் எல்லையிலிருந்து 30 செ.மீ. தள்ளி. காமா கதிர் மண்ணில் அவ்வளவு தூரம் வரை பாயும். அடுக்கு அதைவிட மெலிதாக இருந்தால் மேல், கீழ் அடுக்கு மண்ணும் தனித்தனியே வேண்டும்.
4. குழாயைச் சுற்றியுள்ள 30 செ.மீ. வட்டத்திலிருந்து அரை முதல் ஒரு கிலோ மண். இதற்கு வெளிச்சம் படலாம்.
5. ஈரத்துக்கென்று ஒரு கைப்பிடி மண், காற்றுப் புகாத டப்பாவில், அப்போதே.

நான்காவதும் ஐந்தாவதும்தான் வழக்கமாக மறக்கப்படுபவை. அவை இல்லாமல் போனால் குழாயில் இருப்பது வெறும் மணல்.

இதே குடும்பத்தில், நெருப்பில் சுட்ட சிக்கிமுக்கிக் கல்லுக்கு வெப்ப ஒளிர்வு. சூடு சிறையைக் காலி செய்கிறது, சூடாக்கியது மனிதன். முதல் கேள்வியின் இடைவெளி இங்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மொராக்கோவின் ஜபல் இர்ஹூதில் ஹோமோ சேப்பியன்ஸ் எலும்போடு கிடைத்த சுட்ட கற்களுக்கு 3,15,000 ± 34,000 ஆண்டு என்று 2017இல் வந்தது இப்படித்தான். அதே அடுக்குகளுக்கு முன்பு 1,60,000 என்று எழுதியிருந்தார்கள். சுட்ட கல் கிடைத்தால் விடாதீர்கள்.

## ஆர்கான்–ஆர்கான்

கிழக்கு ஆப்பிரிக்கா மனிதப் பரிணாமத்தின் தலைமைக் களமானதற்கு எலும்பு மட்டும் காரணமல்ல. எலும்புக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் இருந்ததும் காரணம். 1961இல் தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கின் அடிப்படுக்கைக்குப் பொட்டாசியம்–ஆர்கான் (இதன் முன்னோடி முறை) 17.5 லட்சம் ஆண்டு என்று சொன்னபோது, அதுவரை எண்ணியிருந்த மனித வயது மூன்று மடங்காயிற்று. அதே நாட்டின் லேத்தோலியில் பதிந்த மூதாதைக் காலடித் தடங்களின் 36.6 லட்சமும் சாம்பல் தந்ததே.

கண்ணி எங்கே? கென்யாவின் கூபி ஃபோராவில் கேபிஎஸ் என்ற சாம்பலடுக்குக்கு முதலில் 26 லட்சம் என்று வந்தது. அதற்குக் கீழே கிடைத்த 1470 எண் மண்டையோடு அதனால் மிகப் பழையதாகத் தெரிந்தது. ஆனால் அதே அடுக்கின் பன்றிப் பற்கள், எத்தியோப்பியாவின் ஓமோவில் 20 லட்சத்தை ஒட்டிய பன்றிகளோடு ஒத்துப்போயின. பல ஆண்டுச் சண்டைக்குப் பின் 18.8 லட்சம் என்று தீர்ந்தது. ஆறு அடித்துவந்த பழைய படிகங்கள் சாம்பலோடு கலந்திருந்தன. பன்றி ஜெயித்தது. இன்று படிகங்களை ஒவ்வொன்றாக அளப்பதால் அன்னியப் படிகம் உடனே தனித்துத் தெரியும்.

நம் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு ஒன்றுதான்: சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் கக்கிய சாம்பல். ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அதற்கு மேலும் கீழும் கற்கருவிகள் கிடைத்தன. இங்கே ஆர்கானுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சாம்பலின் வேதியியல் தோபாவோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். வயது ஏற்கெனவே அளந்தாயிற்று. பார்க்க வேண்டியது சாம்பல் வானத்திலிருந்து நேராக விழுந்ததா, பிறகு மழை அடித்துச் சேர்த்ததா என்பதை.

## யுரேனியமும் ஈஎஸ்ஆரும்

யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. ஆகவே புதிதாகப் படியும் குகைச் சுண்ணாம்பில் யுரேனியம் மட்டும் இருக்கும். பிறகு சேரும் தோரியம் கடிகாரம். ஓவியத்தின்மேல் படிந்த படிவு என்றால் கிடைப்பது குறைந்தபட்ச வயது. எலும்புக்கும் பல்லுக்கும் இதை நேராகப் பயன்படுத்தலாம் என்பது ஆசை காட்டும். லேசர் துளையின் சேதம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எலும்பு யுரேனியத்தை இறந்தபிறகுதான் நிலத்தடி நீரிலிருந்து உறிஞ்சுகிறது, எப்போது என்று சொல்லாமல். அதனால் வரும் எண்ணைக் 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் படிக்க வேண்டும். நீர் பின்னர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போயிருந்தால் அதுவும் உறுதியில்லை.

ஈஎஸ்ஆர் பல் எனாமலில் சேர்ந்த கதிர்வீச்சை அளக்கிறது. யுரேனியத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் பல் எப்போது, எந்த வேகத்தில் யுரேனியம் உறிஞ்சியது என்பதையும் ஓரளவு பிடிக்கலாம். நலேடியின் வயதுக்குப் பல், குகைப் படிவு, தொல்காந்தம் (படிவில் பதிந்த பழைய காந்தத் திசை) மூன்றும் சேர வேண்டியிருந்தது.

இதில் வெளியே தெரியாத ஒரு செலவு உண்டு. அருமையான பல் கிடைத்ததும் முதல் வேலையாக நுண் சிடி ஸ்கேன் எடுப்பது வழக்கம். அந்த எக்ஸ் கதிரும் எனாமலில் சேர்ந்துவிடும். வயது கூடுதலாக வரும். ஈஎஸ்ஆர் எடுக்க நினைத்தால் அந்தப் பல்லின் ஒரு சில்லை ஸ்கேனுக்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். பல்லைக் கழுவவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணும் கணக்கில் உண்டு. அருங்காட்சியகத்தில் பளபளவென்று துடைத்து வைத்த பல்லுக்கு ஈஎஸ்ஆர் கேட்பது வீண்.

## அலுமினியம்–பெரிலியம், கூடவே தொல்காந்தம்

நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்ஸில் அண்டக்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டையும் ஏறக்குறைய 6.75க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாக்குகின்றன. ஆழப் புதைந்தால் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் வேகமாகச் சிதையும். விகிதம் சுமார் 14 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்.

அத்திரம்பாக்கத்தின் அதிர்ஷ்டம், அங்கே கைக்கோடரிகள் குவார்ட்சைட். சுற்று மண்ணை விட்டுக் கருவிகளையே அளக்க முடிந்தது. 2011இல் வெளியான சராசரி 15.1 லட்சம் ± 70,000 ஆண்டு. எப்படிப் பார்த்தாலும் 10.7 லட்சத்துக்குக் குறையாது. இதற்கான விலை: கருவியை வெட்டி நொறுக்கி ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். முதலில் படம், அளவு, வார்ப்பு எல்லாம் எடுத்துவிட்டு, வடிவத்தில் சாதாரணமான கருவியைத்தான் கொடுக்க வேண்டும். மேலே மண் சில மீட்டர்தான் என்றால் புதைந்தபின்னும் கொஞ்சம் உற்பத்தி நடக்கும். அதையும் திருத்த வேண்டும். ஒரு லட்சம் ஆண்டு மாதிரிக்கு இது லாரி எடைமேடையில் தங்கம் நிறுப்பது போல, எடுக்க வேண்டாம்.

அதே இடத்தில் தொல்காந்தமும் பார்த்தார்கள். பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழிலிருந்து இன்றைய நிலைக்குத் திரும்பியது சுமார் 7,73,000 ஆண்டுக்கு முன். களிமண் தலைகீழ்க் காந்தம் காட்டினால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையது. எண் தராது, 'முன்னா பின்னா' என்று மட்டும் சொல்லும். ஆனாலும் பெரிய செலவுக்கு இறங்கும் முன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். மாதிரிக் கட்டியில் வடக்குத் திசையும் மேல்பக்கமும் குறிக்காமல் எடுத்தால் எல்லாம் பாழ்.

## மூன்று மாதிரிக்குத்தான் பணம் என்றால்

அடுப்புக்குழி, கரி, நுண்கற்கருவி: மூன்றையும் கார்பனுக்கே, மேல் நடு கீழ் என்று. ஒரு மாதிரி மட்டும் அனுப்பி வரும் எண்ணை நம்பக்கூடாது. கீழே போகப் போக வயது ஏறுகிறதா என்பதே முதல் சோதனை.

ஆற்றங்கரைப் படிவில் இடைப் பழங்கற்காலக் கருவி, எலும்பில்லை, கரியில்லை: ஒளிர்வுக்கு மூன்றும். கருவி அடுக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அடுக்கிலேயே ஒன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு இதுவே விடை.

சரளை மேட்டில் பெரிய கைக்கோடரிகள், பத்து லட்சம் இருக்கலாம் என்ற சந்தேகம்: முதலில் தொல்காந்தம். தலைகீழ் வந்தால் மட்டும் மிச்சப் பணத்தை அலுமினியம்–பெரிலியத்தில் போடுங்கள். கருவிகள் மேற்பரப்பில் சிதறிக் கிடந்தவை என்றால் எந்த முறையும் வேண்டாம்.

சுண்ணாம்புக் குகை, பல்லும் படிவும்: படிவுக்கு யுரேனியம் இரண்டு, பல்லுக்கு ஈஎஸ்ஆர் ஒன்று. படிவு பல்லுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை வரைபடத்தில் குறித்த பிறகுதான் உளியைத் தொட வேண்டும்.

கார்பனும் பெரிலியமும் அலுமினியமும் அளக்கும் முடுக்கி புதுதில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் இருக்கிறது. ஒளிர்வுக்கு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம் உண்டு. குழி வெட்டும் முன்பே ஆய்வகத்துக்கு எழுதி, அவர்கள் எந்தக் குழாய், எவ்வளவு மண், எந்தப் படிவம் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். குழியை மூடிய பிறகு 'சுற்று மண் எங்கே' என்று கேட்டு அவர்கள் எழுதினால், மறுபடி தோண்ட அனுமதி வாங்குவது மாதிரிக் கட்டணத்தைவிடப் பெரிய வேலை.